அழுமூஞ்சியும் அழுத பிள்ளையும்: பெயரெச்சம் நடத்தும்போது மனசையும் சேர்த்து நடத்த

சில வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் ரேங்க் கார்டில் ‘கவனமில்லாத மாணவி’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் அவளுடைய ஆயா (பாட்டி) மீன்கூடையோடு பள்ளி வாசலில் நின்றார். “கவனம் எங்க போச்சு டீச்சர்? ராத்திரி மூணு மணிக்கு எங்கூட எழுந்திரிச்சு ஏலத்துக்கு வருது. கூடை தூக்கிவுட்டு, சில்லறை எண்ணிக் கொடுத்துட்டு, அப்புறம் குளிச்சிட்டு உங்ககிட்ட வருது. காசுல ஒரு ரூபா தப்பினதில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் அந்தக் கார்டை வாங்கி, எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘விடிவதற்குள் எழுந்து வேலை செய்துவிட்டு வருகிற மாணவி, மதிய வகுப்பில் களைத்துப் போகிறாள்’ என்று எழுதினேன். இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியவைதான். முதல் வரியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது வரி வந்ததும் அவளைக் காலை வகுப்பில் படிக்கவைக்கலாம், மதியம் எழுதவைக்கலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

கடலூரில் கடலோரப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு, பெயருக்கு முன்னால் நின்று அதை விளக்குகிற பெயரடை, பெயரெச்சம் இரண்டையும் நான் வெறும் இலக்கணமாக நடத்துவதில்லை. பிள்ளைகள் தங்களையும் பிறரையும் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதோடு சேர்த்தே நடத்துகிறேன். ஆறு பீரியட் ஆகும். சில வகுப்பில் எட்டும் ஆகும். எப்படி என்று எழுதிவைக்கிறேன். டீச்சர்களுக்கும் வேண்டும், வீட்டில் பெற்றவர்களுக்கும் வேண்டும்.

முதல் பீரியடில் உணர்ச்சியைத் தொடவே தொடாதீர்கள். “உனக்கு இப்போ எப்படி இருக்கு?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் நாற்பது பிள்ளைகளும் “நல்லா இருக்கேன் டீச்சர்” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் பொருளில் ஆரம்பியுங்கள். ஒரு மஞ்சப்பையில் கிளிஞ்சல், பலாக்கொட்டை, அறுந்த வலைத்துண்டு, எலுமிச்சம்பழம், துருப்பிடித்த பூட்டு என்று கிடைத்ததைப் போட்டு, கண்ணை மூடிக் கைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொரசொரப்பான, வழுவழுப்பான, கனமான, ஈரமான. நல்ல, அழகான, சூப்பரான மூன்றுக்கும் அன்றைக்குத் தடை. இது பத்து நிமிஷத்துக்கு மேல் தேவையில்லை.

பிறகு கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘பழைய வலை’. வலப்பக்கம் ‘பாறையில் மாட்டிக் கிழிந்த வலை’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் சொன்ன பதிலை இன்றுவரை எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்: “கிழிஞ்ச வலைன்னா தைச்சுடலாம் டீச்சர். பழைய வலைய என்ன பண்றது?”

இலக்கணம் சொல்வதும் இதைத்தான். ‘பழைய’, ‘நல்ல’, ‘பெரிய’ போன்ற குறிப்புப் பெயரெச்சங்கள் காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ‘கிழிந்த’, ‘கிழிகிற’ போன்ற தெரிநிலைப் பெயரெச்சம் செயலையும் காலத்தையும் காட்டும். காலம் காட்டுகிற சொல் எப்போது என்று சொல்கிறது; எப்போது என்று தெரிந்தால் எதனால் என்று கேட்கலாம். விளக்கம் இவ்வளவு போதும். அதிகம் விளக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

இரண்டாவது பீரியடுக்கு எங்கள் ஊரில் தண்ணீர் போதும். கடல் தண்ணி எப்படியெல்லாம் இருக்கும் என்று கேட்டால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்னைவிட அதிகம் சொல்வார்கள்: கலங்கின தண்ணி, தெளிஞ்ச தண்ணி, இரையிற கடல், அடங்கின கடல், வாடைக் காற்றில் கொந்தளிக்கிற கடல். எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். ‘கலங்கின’ என்பதை ‘கலங்கிய’ என்று உடனே திருத்தாதீர்கள். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. பலகை நிறைந்ததும் தண்ணி, கடல் என்ற சொற்களை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘மனசு’ என்று எழுதுங்கள். கலங்கின மனசு. தெளிஞ்ச மனசு. அடங்கின மனசு. வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

தமிழில் இது நாமாகச் செய்கிற வித்தை இல்லை, மொழியிலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கடலைக் கேட்காதீர்கள், பலாவைக் கேளுங்கள். பழுத்த, பிஞ்சிலே உதிர்ந்த, வெம்பிய. வெம்பிய பழத்துக்கும் வெம்பிய மனசுக்கும் ஒரே சொல்தான். விருத்தாசலத்தில் மண்பாண்டம், பீங்கான் வேலை தெரிந்த பிள்ளைகள் இருந்தால் பிசைந்த, உலர்ந்த, விரிசல் விட்ட, சுட்ட மண். கீரைக்கட்டு விற்கிற வீடென்றால் வாடிய கீரை, வாடிய முகம். அந்தப் பிள்ளைக்குக் கைப்பழக்கமான பொருளிலிருந்து சொல் வரவேண்டும். நெய்வேலியில் இருக்கிற பிள்ளையிடம் அலையைப் பற்றிக் கேட்டால் பாடப்புத்தகத்தில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்லும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதன்பின் பள்ளி திறந்ததும் இந்தப் பாடத்தைத்தான் எடுத்தேன். வெள்ளத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. தண்ணி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். ‘செம்மண்ணாக் கலங்கின தண்ணி’ என்றாள் ஒருத்தி. ‘வாசப்படி ஏறின தண்ணி’ என்றான் இன்னொருவன். மனசு என்ற சொல்லுக்கு வந்தபோது ஒரு சின்னப் பெண் எழுந்து, “கலங்காத மாதிரி இருந்த அம்மா” என்றாள். பீரியட் முடிகிறவரை நான் வேறெதுவும் நடத்தவில்லை. அவளைப் போலவே சொல்ல ஐந்தாறு பேர் இருந்தார்கள், அவர்கள் பேசினார்கள். இப்படி ஒரு வாக்கியம் வந்தால் பாடத்திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது பீரியட் ‘கடுப்பு’. இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாம் ஜாலி, கடுப்பு, போர், பயம் என்ற நாலுக்குள் அடங்கிவிடுகிறது. அதிலும் கடுப்பு ஒரு பெரிய சாக்குமூட்டை. பசித்தாலும் கடுப்பு, ஏமாந்தாலும் கடுப்பு, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் கடுப்பு. அந்த மூட்டையைப் பிரிப்பதுதான் அன்றைய வேலை. ‘கடுப்பான பையன்’ என்று பலகையில் எழுதி, அதற்குப் பதிலாக ஒரு பெயரெச்சம் சொல்லச் சொல்லுங்கள். பசித்த பையன், ஏமாந்த பையன், ஒதுக்கப்பட்ட பையன், தோற்ற பையன், தூக்கம் கெட்ட பையன், தம்பிக்கு மட்டும் புதுச் செருப்பு வாங்கியதைப் பார்த்த பையன். கடைசியாகச் சொன்னது ஒரு பெண்; அவளுக்குப் பெயரடைத் தொடர் என்றால் என்ன என்று நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய வகுப்பு என்றால் இங்கே தொல்காப்பியத்தைக் கொண்டுவாருங்கள். உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்கிற மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. எட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் எதில் பிறக்கிறது என்று நான்கு நான்காக அங்கே சொல்லியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. அழுகை பிறப்பது இளிவில், இழவில், அசைவில், வறுமையில். அதாவது, பிறர் இகழ்ந்ததால், ஒன்றை இழந்ததால், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால், இல்லாமையால். ‘அழுத பிள்ளை’ என்று எழுதி, இந்த நான்கில் எது என்று கேளுங்கள். இகழப்பட்டு அழுத பிள்ளைக்கும் பென்சில் பாக்ஸைத் தொலைத்து அழுத பிள்ளைக்கும் ஒரே ஆறுதல் உதவாது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். நம் இலக்கணக்காரர்கள் அழுகையை அதன் காரணத்தோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

இனி நடு விஷயம். பட்டப்பெயர்.

முரட்டுப் பையன், அழுமூஞ்சிப் பிள்ளை, சோம்பேறிப் பயல், திருட்டுப் பிள்ளை. இவற்றைப் பலகையில் எழுதி, நடுவே வருகிற ‘ப்’ மேல் சிவப்பு சாக்பீஸால் சுழியுங்கள். பக்கத்தில் முரண்டு பிடித்த பையன், அழுத பிள்ளை, சோர்ந்த பையன், எடுத்துவைத்துக்கொண்ட பிள்ளை என்று எழுதுங்கள். இங்கே ‘ப்’ இல்லை. பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்ற விதியை வருஷக்கணக்காகச் சொல்லியும் ‘அழுதப் பிள்ளை’ என்று எழுதிய பிள்ளைகள், பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும், நடந்தது ஒட்டாது என்று சொன்ன நாளிலிருந்து தப்பே செய்வதில்லை. இது நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழிதானே தவிர விதி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘நல்ல பையன்’ என்பதில் ஒற்று கிடையாது. ‘பேசாப் பிள்ளை’ பெயரெச்சம்தான், ‘பேசாத’ என்பதன் கடைசி எழுத்து போய்விட்டதால் (ஈறு கெட்டதால்) அங்கே மிகும்.

எதிர்மறைக்கு வந்ததும் நிதானமாகப் போங்கள். நான் ஆயாவிடம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ‘படித்த’ என்றால் இறந்தகாலம், ‘படிக்கிற’ என்றால் நிகழ்காலம். ‘படிக்காத’ என்றால்? பிள்ளைகளைக் கேளுங்கள். நேற்றுப் படிக்காத பையன், இப்போது படிக்காத பையன், என்றைக்குமே படிக்காத பையன் மூன்றும் ஒரே சொல். எதிர்மறைப் பெயரெச்சம் முக்காலத்துக்கும் பொது. அதனால்தான் ‘படிக்காத பையன்’, ‘பேசாத பெண்’, ‘கவனமில்லாத மாணவி’ என்பவை அவ்வளவு கனமாக விழுகின்றன. எதிர்மறை எழுதினால் முன்னால் ஒரு காலச்சொல்லோ இடச்சொல்லோ போடவேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். ‘இன்று படிக்காத’, ‘இன்னும் படித்து முடிக்காத’, ‘புதியவர்கள் முன்னால் பேசாத’. எழுதிப் பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு நகர இடம் கிடைத்துவிடும்.

புகழ்ச்சியும் பட்டப்பெயர்தான். ‘அமைதியான பெண்’ என்று பாராட்டப்பட்டவள் உதவி கேட்கவே தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ‘நல்ல பிள்ளை’ என்பதற்குப் பதில் ‘பரீட்சைத்தாளைப் பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்து வாங்கி வந்த பிள்ளை’ என்று சொல்லுங்கள். எதைச் செய்ததால் பாராட்டுக் கிடைத்தது என்று தெரிந்தால் மறுபடியும் செய்யும்.

ஐந்தாவது பீரியடுக்கு நாள் குறிக்க முடியாது. ஒரு சண்டை வரவேண்டும். கவலைப்படாதீர்கள், வரும்.

பெயரெச்சம் என்பதே மீதி நிற்கிற சொல். ‘அடித்த...’ என்று நிறுத்தினால் காது இன்னொரு சொல்லுக்குக் காத்திருக்கும். அந்த இடத்தில் ஆறு வகைப் பெயர் வரலாம் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். சண்டை விசாரிக்க இதைவிட நல்ல கேள்வித்தாள் எனக்குக் கிடைத்ததில்லை. மதியம் ஒரு பையன் இன்னொருவனை ஸ்கேலால் அடித்துவிட்டான். இருவரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். ‘அடித்த’ என்று ஆறு தடவை எழுதியிருந்தது. அடித்த பையன் யார் என்பது தெரிந்ததே. அடித்த ஸ்கேல்? அது மூன்றாமவனுடையது, எடுத்துக் கொடுத்த பையன் ஒருவன் இருக்கிறான் என்பது அப்போதுதான் வெளிவந்தது. அடித்த இடம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம். அடித்த நேரம், சத்துணவு வரிசை கலைந்தபின். அடித்த அடி, ஒன்று. மூன்று என்று சொன்னவன் திருத்திக்கொண்டான். அடித்த கை, அடி வாங்கியவனின் இடது கை, வீங்கியிருந்தது.

நன்னூல் சொல்லாத ஏழாவது ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன்: அடித்த காரணம். இஞ்சின் பழுதாகி, அடித்தவனுடைய அப்பாவின் படகு பத்து நாளாகக் கரையில் கிடக்கிறது. “உங்கப்பா கரையிலயே மீன் பிடிக்கிறாரா?” என்று அடி வாங்கியவன் கேட்டிருக்கிறான். எட்டாம் வகுப்பில் சொன்ன இளிவு இதோ உட்கார்ந்திருந்தது. காரணம் தெரிந்ததால் அடி இல்லை என்று ஆகிவிடாது. வீங்கிய கை வீங்கியதுதான். அதை அடித்தவனிடம் தெளிவாகச் சொன்னேன்.

இதே தாளில் இன்னொரு வேலை உண்டு. ‘சாத்தன் அடித்த பையன்’, ‘சாத்தனை அடித்த பையன்’. ஒரு ‘ஐ’ மாறினால் வலி ஆளிடம் ஆள் மாறிவிடுகிறது. இரண்டு வாக்கியத்தையும் இருவரும் எழுதி, இரண்டிலும் வலித்தது யாருக்கு என்று அடிக்கோடு போடவேண்டும். வேற்றுமை உருபுக்கு இதற்குமேல் ஒரு பயிற்சி வேண்டாம்.

‘ஸாரி’ என்ற ஒற்றைச் சொல்லை நான் ஏற்பதில்லை. செய்ததைப் பெயரெச்சமாகச் சொல்லிவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும்: “உன்னை ஸ்கேலால் அடிச்ச தப்புக்கு மன்னிச்சிடு”, “உங்கப்பாவைக் கிண்டல் பண்ணின தப்புக்கு மன்னிச்சிடு.” முதலில் கூச்சப்படுவார்கள். விட்டுவிடாதீர்கள், ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லச் சொல்லாதீர்கள். மரத்தடி போதும்.

கவனமாக இருக்கவேண்டியவை சில. பயிற்சி வாக்கியங்களில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் வரவே கூடாது. இலக்கண நூல்களில் சாத்தனும் கொற்றனும் எதற்கு இருக்கிறார்கள்? அவர்களையே கூப்பிடுங்கள். தன்னைப் பற்றி எழுத விரும்பாத பிள்ளை சாத்தனைப் பற்றி எழுதட்டும்; பல சமயம் அந்தச் சாத்தன் யார் என்பது உங்களுக்கே புரியும், புரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பிள்ளை எழுதியதை ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டாதீர்கள். அடி, தொடுதல், பட்டினி, குழந்தைத் திருமணம் இப்படி ஏதாவது தென்பட்டால் அது இலக்கணப் பாடம் இல்லை. அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது.

மதிப்பெண் இலக்கணத்துக்கு மட்டும். பயந்ததாக எழுதிய பிள்ளைக்கு ஐந்து, தைரியமாக எழுதியதற்கு எட்டு என்று போட ஆரம்பித்தால் எல்லாரும் தைரியசாலியாகிவிடுவார்கள். மனசைப் பற்றி எழுதிய தாளில் அன்றைக்குச் சிவப்பு மை படவே கூடாது. மறுநாள் பென்சிலால் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய எளிதான ஒன்று உண்டு. ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு தொடர்: ‘இன்று ______ நான்’. பஸ்ஸைத் தவறவிட்ட நான், கணக்கு விடைத்தாள் வாங்கிய நான், வெயிலில் கருவாடு காயப்போட்ட நான். பெரியவர்களும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது வீட்டுப்பாடமாகிவிடும். ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அப்பாக்கள் கடலுக்குக் கிளம்புகிற வாரத்தில் எங்கள் பிள்ளைகள் எழுதிவருவதில் ‘முழிச்சிக்கிட்டு இருந்த நான்’ அதிகமாக வரும். அந்த வாரம் நான் பரீட்சை வைப்பதில்லை.

ரேங்க் கார்டில் ஆசிரியர் குறிப்புக்கு இரண்டு விரல் அகலம்தான் இடம் இருக்கிறது. நல்ல, சுமாரான, கவனமில்லாத என்று எழுதத்தான் அந்த இடம் போதும். நான் பொடி எழுத்தில் எழுதுகிறேன். போதாவிட்டால் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடருங்கள்.